மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாங்கச் சென்றுவரும் பேருந்துச் செலவுக்கு ஏதேனும் உதவி உண்டா?

கேட்டவர்: ஊர் சொல்ல விரும்பாதவர்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறோம். எனக்கு 46 வயது. கொத்தனாருக்குக் கையாளாக வேலை செய்கிறேன். மனைவி களையெடுப்பு, நடவு என்று கிடைக்கும் கூலி வேலைக்குப் போகிறார். ஏழு ஆண்டுகளாக இருவரும் ஒரு நாள் கூடத் தவறாமல், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை எடுத்து வருகிறோம். இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டது என்று சென்ற பரிசோதனையில் மருத்துவர் சொன்னார்.

எங்கள் சிக்கல் பயணம்தான். எங்கள் கிராமத்திலிருந்து வட்டத் தலைநகர் வரை நகரப் பேருந்து இருக்கிறது. அங்கே இறங்கி, மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கும் மாவட்டத் தலைநகருக்குப் புறநகர்ப் பேருந்து ஏற வேண்டும். போகவர எனக்கு 124 ரூபாய் ஆகிறது. மனைவிக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் 96 ரூபாய். எனக்கு மாதத்தின் முதல் வாரத்திலும் அவருக்கு மூன்றாவது வாரத்திலும் தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்றைய கூலியும் போய்விடுகிறது. விடியற்காலைப் பேருந்தைப் பிடித்தாலும் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிடும். அதற்குமேல் எந்த மேஸ்திரி வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்?

சென்ற ஐப்பசி மாதம் மழையால் இரண்டு வாரம் வேலையே இல்லை. என் தேதி வந்தபோது கையில் பணம் இல்லாததால், பக்கத்து வீட்டில் வேறு காரணம் சொல்லிக் கடன் வாங்கிக்கொண்டுதான் போனேன். மாத்திரையை விட்டுவிடுவோமோ என்ற பயம் அன்றுதான் முதன்முதலாக வந்தது. காத்திருப்போர் வரிசையில் ஒருவர், பேருந்துச் சலுகை கிடைக்கும் என்றார். இன்னொருவர் இரயிலில் பாதிக் கட்டணம் என்றார். எதை, யாரிடம், எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எங்கள் நிலை ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

மறுமொழி 1: இதே மாத்திரையை எடுப்பவன்

அண்ணா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய என் நிலையே கண்முன் வந்தது. சலுகையைத் தேடும் முன்பு, நாளையே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் இருவருடைய தேதிகளையும் ஒரே நாளுக்கு மாற்றித்தரும்படி கேளுங்கள். மாத்திரை எண்ணிக்கை ஒத்துவருவதற்காக, ஒரு முறை மட்டும் ஒருவருக்குச் சில நாள்களுக்கான மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்தால் போதும். அதன்பின் இருவருக்கும் ஒரே தேதி வந்துவிடும். மருந்தாளுநரிடம் கேட்டால் அவர் தம்மால் முடியாது என்று சொல்லக்கூடும். ஆகவே ஆலோசகரிடம் சொல்லி, அவர் வழியாக மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் நானும் என் தம்பியும் இப்படித்தான் மாற்றிக்கொண்டோம். மையத்தில் சிகிச்சை விவரம் எழுதித் தரும் பச்சைப் புத்தகம் இருக்கிறதே, இருவருடையதையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டும்போது அதிகம் விளக்கத் தேவை இருக்காது.

மறுமொழி 2: முன்னாள் ஆலோசகர்

ஐயா, பல ஆண்டுகள் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்திலும் பிறகு ஏ.ஆர்.டி. மையத்திலும் ஆலோசகராகப் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பயணக் கட்டணத்தைக் குறைப்பது ஒரு வழி. பயணங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது இன்னொரு வழி. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் ஏழைக் குடும்பத்துக்கு அதிகம் மிச்சப்படுத்துகிறது, ஏனென்றால் பேருந்துச் சலுகை பேருந்துக் காசை மட்டுமே திருப்பித் தருகிறது, இழந்த கூலியைத் தருவதில்லை. நீங்கள் எழுதிய கணக்கிலேயே பாருங்கள்: இருவருக்கும் சேர்த்து மாதம் 220 ரூபாய் பேருந்துக்குப் போகிறது, இரண்டு நாள் கூலி அதைவிடப் பல மடங்கு.

பயணங்களைக் குறைக்க இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. உடல்நிலை சீராக இருந்து, வைரஸ் அளவு கட்டுக்குள் இருந்து, மாத்திரையைத் தவறாமல் எடுத்து வருபவர்களுக்கு ஒரே முறையில் பல மாதங்களுக்கான மாத்திரை தரும் முறை முதலாவது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது பேருந்துகளே ஓடாத நிலையில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பரவலாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. மூன்று மாத மாத்திரையை ஒரே முறையில் வாங்கிச் சென்ற பலரை நான் அறிவேன். ஏழு ஆண்டுகள் தவறாமல் எடுத்து, வைரஸ் அளவும் கட்டுப்பட்டிருக்கும் உங்கள் இருவருக்கும் இதைக் கேட்க முழுத் தகுதி இருக்கிறது. மருந்து இருப்பு குறைவாக உள்ள மாதங்களில் ஒரு மாதத்துக்கு மட்டுமே தருவார்கள். அதற்காக மனம் தளர்ந்து, அடுத்த முறை கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, இணைப்பு ஏ.ஆர்.டி. மையம். சீரான நிலையில் இருப்பவர்கள் தொலைதூர மையத்துக்கு மாதந்தோறும் அலையாமல், வீட்டுக்கு அருகில் உள்ள அரசு மருத்துவமனையிலேயே மாத்திரை வாங்கிக்கொள்ளட்டும் என்பதற்காக ஏற்பட்டவை இவை. வைரஸ் அளவுப் பரிசோதனைக்கும் மருத்துவர் பார்க்க வேண்டிய நாள்களுக்கும் மட்டும் முதன்மை மையத்துக்குப் போனால் போதும். உங்கள் வட்டத் தலைநகர் மருத்துவமனையில் இது இருந்தால், புறநகர்ப் பேருந்துச் செலவே மாதாமாதம் இருக்காது.

தூரம் எவ்வளவு பெரிய தடை என்பதற்கு ஒரு பழைய நினைவையும் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய அரசு கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாகத் தரத் தொடங்கியபோது நாடு முழுவதற்கும் எட்டு மருத்துவமனைகள்தான் இருந்தன; தமிழ்நாட்டில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. தென்மாவட்டங்களிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் இரவு முழுவதும் இரயிலில் உட்கார்ந்து வந்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்த மருத்துவமனைக்கு அருகில் உள்ள நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம். அந்தப் பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு கேட்டால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்துவிடுமோ என அஞ்சி, தாம்பரத்துக்குச் சீட்டு வாங்கி இறங்கி, காய்ச்சலோடு திரும்ப நடந்து வந்ததாக ஓர் அம்மா என்னிடம் சொன்னார். அவருடைய பயணத்தில் காசுக்கு இணையாக அந்தப் பெயரும் ஒரு சுமையாக இருந்தது. நீங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் எழுதியிருப்பதைப் பார்த்ததும் அவர்தான் நினைவுக்கு வந்தார்.

கேட்டவர்

அம்மா, நீங்கள் சொன்ன இணைப்பு மையம் எங்கள் வட்டத் தலைநகர் மருத்துவமனையில் இருக்கிறது. ஆறு மாதங்களுக்கு முன்பு ஆலோசகரே அதைப் பற்றிச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். அந்த மருத்துவமனையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் பணிபுரிகிறார். ஊரிலிருந்து காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் போகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். அந்த அறையின் முன்னால் நான் நிற்பதை ஒருவர் பார்த்தால் போதும். கூலியும் பேருந்துக் காசும் போனாலும் பரவாயில்லை என்று அறுபது கிலோமீட்டர் போய்வருவது அதனால்தான். இதைப் படிக்கிறவர்கள் எங்களைப் பிடிவாதக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம்.

மறுமொழி 3: முன்னாள் ஆலோசகர்

பிடிவாதம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன், ஐயா. உங்கள் மகளின் படிப்பையும் எதிர்காலத்தையும் எண்ணி எடுத்த முடிவு அது.

இரண்டு செய்திகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு மையம் என்றால் உங்கள் வட்டத்து மருத்துவமனையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாரும் உங்களை அறியாத பக்கத்து வட்டத்து மையத்துக்கு மாற்றிக்கொடுக்கும்படி கேட்கலாம். ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குப் பதிலாக இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரில் முடியுமானால் அதுவே பெரிய மாற்றம்.

மற்றொன்று சட்டம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதல் இன்றி வெளியிடக் கூடாது என்று அதன் 8ஆம் பிரிவு சொல்கிறது. பதிவேடுகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்பது 11ஆம் பிரிவு. மீறல் நடந்தால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்; அவருடைய ஆணைக்குக் கீழ்ப்படியாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஊர் வாயைச் சட்டத்தால் மூடிவிட முடியாது என்பதை நன்றாக அறிவேன். ஆனாலும் மருத்துவமனையில் பணிபுரியும் ஒருவர் வெளியே பேசுவது சட்டமீறல் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் அச்சத்தை ஆலோசகரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் உங்கள் கோப்பில் அதைக் குறித்துவைத்தால், அடுத்து வருபவர் மீண்டும் அதே மருத்துவமனையை உங்கள் மீது வற்புறுத்தமாட்டார்.

மறுமொழி 4: கூட்டமைப்பில் தொண்டு செய்பவன்

சகோதரரே, உங்கள் முதல் கேள்வியான சலுகைகளுக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பின் சார்பில் இந்த விண்ணப்பங்களை எழுதிக்கொடுப்பதுதான் என் வேலை.

இரயில் சலுகை உண்மை. நிர்ணயிக்கப்பட்ட ஏ.ஆர்.டி. மையங்களுக்குச் சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ செல்பவர்களுக்கு இரண்டாம் வகுப்பில் 50 சதவீதம் கட்டணக் குறைப்பு இருக்கிறது. 2020 மார்ச் மாதத்தில் மூத்த குடிமக்களுக்கான சலுகை உள்படப் பலவற்றை இரயில்வே நிறுத்தியபோதும் நோயாளிகளுக்கான பதினொரு வகைச் சலுகைகளை நீக்கவில்லை. இதுவும் அவற்றுள் ஒன்று. மருத்துவர் கையெழுத்திட்டு முத்திரையிட்ட படிவத்தை நிலையத்தின் சீட்டு வழங்குமிடத்தில் நேரில் கொடுத்துத்தான் சீட்டு வாங்க வேண்டும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் படிவத்தில் நோயின் பெயர் இருக்கிறது. பின்னால் இருபது பேர் நிற்கும் வரிசையில் அதைக் கண்ணாடித் துளை வழியே நீட்ட வேண்டும். சீட்டுக் கொடுப்பவர் புரியாமல் சத்தமாகக் கேட்டால், அங்கேயே பதில் சொல்ல வேண்டும். நான் படிவம் வாங்கிக்கொடுத்தவர்களில் சிலர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முழுக் கட்டணம் கொடுத்துப் போனார்கள். முப்பது, நாற்பது ரூபாயை மிச்சப்படுத்த மானத்தைப் பணயம் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. சென்னை போன்ற நெடுந்தூரப் பயணத்துக்கு, அதுவும் யாரும் அறியாத நிலையத்தில், இந்தப் படிவம் பயன்படும். உங்கள் மாதாந்திரப் பயணத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

பேருந்தைப் பொறுத்தவரை, மருத்துவ அலுவலரின் சான்று இல்லாமல் நோயாளி என்ற அடிப்படையில் எதையும் நடத்துநரிடம் கேட்க முடியாது. ஆகவே மையத்தின் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரிடமோ, மாவட்ட எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு அலகிலோதான் தொடங்க வேண்டும். கேட்கும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "நடத்துநரிடம் காட்டும் தாளில் நோயின் பெயர் இருக்குமா?" இருக்கும் என்றால் வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

உங்கள் மனைவியின் நகரப் பேருந்துப் பயணத்தைப் பாருங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த ஏற்பாடு விரிவாக்கப்பட்டது. அவர் யாரிடமும் எந்த நோயையும் சொல்லவில்லை. சந்தைக்குப் போகிறவரும் அவரும் ஒரே சீட்டைத்தான் வாங்குகிறார்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று யாரும் வகுக்காத அந்தத் திட்டம்தான், நான் பார்த்தவரையில், அவர்களுக்கு மிக அதிகமாக உதவியிருக்கிறது. இணைப்பு மையம் நகரப் பேருந்து ஓடும் தூரத்தில் இருந்தால் அவருடைய செலவு சுழியம்.

மாற்றுத்திறனாளி அட்டை பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் எச்.ஐ.வி. இல்லை. நோயின் விளைவாகப் பார்வையோ கை கால் இயக்கமோ பாதிக்கப்பட்டிருந்தால், அந்தப் பாதிப்பின் அடிப்படையில் விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் மனைவி விவசாயக் கூலி என்று எழுதியிருந்தீர்கள். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராகப் பதிவுபெற்றவர்களுக்கு, எச்.ஐ.வி., காசநோய், புற்றுநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெறும் காலத்தில் தற்காலிக இயலாமைக்கென மாதம் 1,000 ரூபாய் வகுக்கப்பட்டிருக்கிறது. பயணச் செலவுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் இங்கேயும் அதே முள் இருக்கிறது: விண்ணப்பத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை உண்டு, அவருடைய அலுவலகம் உங்கள் ஊரில்தான் இருக்கும். நாங்கள் சிலருக்கு மாவட்ட அலகின் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரை நேரில் சந்தித்து, மூடிய உறையில் மருத்துவச் சான்றைக் கொடுத்து, விசாரணையில் நோயின் பெயர் பேசப்படாமல் பார்த்துக்கொண்டோம். எல்லா இடத்திலும் அது கைகூடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மறுமொழி 5: வெளிநாட்டில் வாழும் வாசகி

நான் அமெரிக்காவில் ஒரு சமூகநலப் பணியாளராக இருக்கிறேன். ஒப்பீட்டுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். இங்கே 1990இல் இயற்றப்பட்ட ரயன் வைட் சட்டத்தின் கீழ், வருமானம் குறைந்த எச்.ஐ.வி. உள்ளோருக்கு மருத்துவப் பயணம் என்றே ஒரு தனிச் சேவைப் பிரிவு இருக்கிறது. பணமாகக் கையில் தரக் கூடாது என்பது விதி. பேருந்துச் சீட்டாகவோ, வண்டி ஏற்பாடாகவோ தரலாம். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் போன்ற வேறு திட்டம் அந்தச் செலவை ஏற்குமானால் முதலில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். நாங்கள் கொடுப்பது ஊரில் எல்லோரும் பயன்படுத்தும் அதே பேருந்து அட்டை. அதில் பெயரோ நோயோ இல்லை. மருத்துவமனைக்குச் சென்றதற்கான கணக்கு எங்கள் கோப்புக்குள் மட்டும் இருக்கும். நோயாளியிடம் சான்றைக் கொடுத்து ஓட்டுநரிடம் காட்டச் சொல்லாமல், மையமே சாதாரணச் சீட்டை வாங்கி அவர் கையில் கொடுப்பதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. கூட்டமைப்புத் தொண்டரிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: தமிழ்நாட்டில் இப்படி ஒரு கோரிக்கை வைக்க வழி உண்டா?

மறுமொழி 6: கூட்டமைப்பில் தொண்டு செய்பவன்

வழி உண்டு. ஆலோசகர் அம்மா சொன்ன அதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, எச்.ஐ.வி. உள்ளோரும் அவர்களுடைய குடும்பத்தினரும் நலத்திட்டங்களை எளிதாகப் பெறுவதற்கு மத்திய அரசும் மாநில அரசும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. திட்டம் ஏட்டில் இருந்து, ஆள் அதை வாங்கப் பயப்படுகிறார் என்றால், எளிதாகக் கிடைக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கூட்டமைப்பின் பெயரில் மனுக் கொடுக்கலாம். தனி ஆளின் பெயர் அதில் வரத் தேவையில்லை. கையில் கொடுக்கும் தாளில் நோயின் பெயர் வேண்டாம், குறியீட்டு எண்ணும் மருத்துவமனை முத்திரையும் போதும் என்பதுதான் எங்கள் அடுத்த மனுவின் முதல் வரியாக இருக்கும். வெளிநாட்டு வாசகி சொன்ன சாதாரணச் சீட்டு முறையையும் அதில் சேர்க்கிறேன்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. சென்ற புதன்கிழமை என் தேதி. மனைவியின் பச்சைப் புத்தகத்தையும் எடுத்துப் போனேன். தெருக்காரரைப் பற்றிய அச்சத்தை முதன்முறையாக ஆலோசகரிடம் வாய்விட்டுச் சொன்னேன்; அவர் கோபப்படவில்லை, இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றுதான் கேட்டார். இருவருக்கும் ஒரே நாளைக் குறித்துக்கொடுத்துவிட்டார்கள். இந்த முறை இரண்டு மாதத்துக்கான மாத்திரை கிடைத்தது. வைரஸ் அளவுப் பரிசோதனை முடிந்ததும் மூன்று மாதத்துக்குத் தருவது பற்றிப் பார்ப்போம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பக்கத்து வட்டத்து இணைப்பு மையத்தைப் பற்றியும் விசாரித்தேன். எங்கள் ஊரிலிருந்து அங்கே 22 கிலோமீட்டர். நகரப் பேருந்து போகிறது.

உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை என் மாமனார் பெயரில் இருக்கிறது, அதில் மனைவியின் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்ணப்பம் போடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. மகளுக்கு மார்ச் மாதத்தில் தேர்வு முடியட்டும் என்கிறார் மனைவி.